வத்திராயிருப்பு கிருஷ்ணனும் ஒரு புரதத்தின் எடையும்

பதிவு கொஞ்சம் நீளம். அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

போன வாரம் பேரன் ஒரு தாளைக் கொண்டு வந்து நீட்டினான். பிப்ரவரி 28, தேசிய அறிவியல் தினத்துக்கு வினாடி வினா. 25 கேள்வி, பக்கத்திலேயே 25 பதில். மனப்பாடம் செய்துகொண்டு போனால் போதும். ராமன் விளைவைக் கண்டுபிடித்தவர் யார்? அவர் எந்த ஆண்டு நோபல் பரிசு பெற்றார்? தேசிய அறிவியல் தினம் எந்த நாள்? இப்படியே போகிறது. "ராமன் விளைவுன்னா என்ன ஆச்சி?" என்று கேட்டான். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்தக் கேள்வி அதில் இல்லை.

அந்தப் பள்ளியைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. முப்பது வருஷத்துக்கு மேல் நானும் இதே வேலையைத்தான் செய்தேன். என் வகுப்பில் படித்தவர்களுக்குத் தெரியும். அதிலும் ஒரு நாள் நடந்தது இப்போதும் உறுத்துகிறது. ஏழாம் வகுப்பு அறிவியல் தேர்வு. "ராமன் விளைவைக் கண்டறிந்தவர் யார்?" ஒரு பையன் "ராமன், கிருஷ்ணன்" என்று எழுதியிருந்தான். சிவப்பு மையில் அடித்தேன். தாளைக் கொடுக்கும்போது எழுந்து நின்று, "எங்க தாத்தா சொன்னாங்க டீச்சர், கிருஷ்ணன் எங்க வத்திராப்புக்காரர்" என்றான். "கிருஷ்ணன் எல்லா ஊர்லயும்தான் இருக்கார், உட்காரு" என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

அவன் தாத்தா சொன்னது உண்மை. அது எனக்குத் தெரிய வந்தபோது அவன் பள்ளியை விட்டுப் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது.

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன், 1898 டிசம்பர் 4ஆம் தேதி வத்திராயிருப்பில் பிறந்தவர். படித்தது நம் ஸ்ரீவில்லிபுத்தூர் இந்து உயர்நிலைப் பள்ளியில். மடவார் வளாகத்தில் இருந்து நடந்தே போய்விடலாம். அப்புறம் மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறித்தவக் கல்லூரி. 1923இல் கல்கத்தாவில் சி.வி.ராமனிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். 1928 பிப்ரவரி 16 தேதியிட்டு 'நேச்சர்' இதழுக்கு அனுப்பி மார்ச் 31ஆம் தேதி அச்சான அந்தப் புகழ்பெற்ற சிறு குறிப்பில் ராமன், கிருஷ்ணன் என்று இரண்டு பெயர் இருக்கிறது. 1930 நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் போனது. அதில் நியாயம் இருக்கிறதா இல்லையா என்ற வழக்கை நான் எடுக்கப் போவதில்லை. கிருஷ்ணனும் ஒன்றும் குறைந்து போய்விடவில்லை. 1940இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 1947இல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். பட்நாகர் விருது என்று ஒன்று ஏற்படுத்தியபோது 1958இல் அதை முதலில் வாங்கியவரும் அவர்தான்.

என் ஆதங்கம் பரிசைப் பற்றியது இல்லை. அவர் செய்த வேலையைப் பற்றியது. ஒளி ஒரு பொருளில் பட்டுச் சிதறும்போது, அதில் மிக மிகச் சிறிய பங்கு நிறம் மாறி வருகிறது. அதுதான் ராமன் விளைவு. மிச்சம் பெரும்பங்கு நிறம் மாறாமல் அப்படியே நாலா பக்கமும் சிதறுகிறது. கிருஷ்ணன் கல்கத்தாவுக்குப் போனதும் முதல் சில வருஷம் உட்கார்ந்து பார்த்தது இந்தச் சாதாரணச் சிதறலைத்தான். 65 வகைத் திரவங்கள். ஒவ்வொன்றிலும் சூரிய ஒளியைப் பாய்ச்சி, பக்கவாட்டில் எவ்வளவு வெளிச்சம் வருகிறது, எப்படி வருகிறது என்று கண்ணால் பார்த்து அளந்தார். சினிமா எடுக்கிற மாதிரிக் கதை அதில் இல்லை. அதனால் பாடப் புத்தகத்திலும் அதற்கு இடமில்லை. ஆனால் இன்று ஊசியில் போட்டுக்கொள்ளும் புரத மருந்து எத்தனையோ ஆய்வகத்தில் இந்த நிறம் மாறாத சிதறலைக் கொண்டு எடை பார்க்கப்படுகிறது. நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது இது என்பது என் கட்சி.

இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நான் ஆசிரியர் பயிற்சி பட்டயம் படித்தவள், அவ்வளவுதான். தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்தாள் என் பழைய மாணவி ஒருத்தி. பெங்களூரில் புரதங்களை ஆராய்கிற வேலை. பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். அவளிடம் நான் கேட்டது என் பெரியண்ணனைப் பற்றி. அண்ணனுக்கு நடுக்குவாதம் என்று சொந்தக்காரர்களுக்குத் தெரியும். டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. "மூளையில ஏதோ புரோட்டீன் கட்டி தட்டிப் போகுதாமே, அது என்னம்மா?" என்றேன். ஒரு மத்தியானம் முழுக்கச் சொன்னாள். பிறகு நானும் தேடித் தேடிப் படித்தேன். புரிந்ததை ஏழாம் வகுப்புக்குச் சொல்வது போல் சொல்கிறேன்.

அந்தப் புரதத்தின் பெயர் ஆல்ஃபா சினூக்ளின். 140 அமினோ அமிலம் கோத்த மாலை. மூலக்கூறு எடையை டால்டன் கணக்கில் சொல்வார்கள். ஹைட்ரஜன் அணு ஒன்று ஏறக்குறைய ஒரு டால்டன், தண்ணீர் 18, இன்சுலின் சுமார் 5,800, ரத்தத்தின் ஹீமோகுளோபின் சுமார் 64,500. இந்த சினூக்ளின் 14,460. மாலையில் என்னென்ன மணி என்று தெரிந்துவிட்டால் ஒற்றை மாலையின் எடையைக் கூட்டிக் கண்டுபிடித்துவிடலாம். அது கஷ்டமில்லை. கஷ்டம் வேறு இடத்தில். உடம்புக்குள் அது ஒற்றையாக இருக்கிறதா, இரண்டு நான்காகச் சேர்ந்து இருக்கிறதா? மருந்து கண்டுபிடிக்கிறவர்களுக்கு முதலில் தெரிய வேண்டியது இதுதான். நான்கு சேர்ந்து இருப்பதே அதன் இயல்பு, பிரிந்தால்தான் கெட்டுப்போகிறது என்றால், பிரியாமல் பிடித்து வைக்கிற மருந்து வேண்டும். ஒற்றையாக இருப்பதே இயல்பு என்றால் அந்த மருந்துக்கு வேலையே இல்லை.

இதைப் பார்க்க வழக்கமாகச் செய்வது ஒரு வகைக் குரோமட்டோகிராபி. நம் பாடத்தில் மைப் பொட்டு வைத்த தாளைத் தண்ணீரில் நிறுத்தி நிறம் பிரிப்போமே, வண்ணப்பிரிகை, அதன் தூரத்துச் சொந்தம். ஒரு அடி உயரம், பென்சில் பருமன் உள்ள குழாயில் நுண்ணிய மணிகளை அடைத்திருப்பார்கள். ஒவ்வொரு மணியிலும் கண்ணுக்குத் தெரியாத துளைகள். 1959இல் ஸ்வீடனில் பொராத், ஃப்ளோடின் என்ற இருவர் இதற்கு வழி காட்டினார்கள். மேலே புரதக் கரைசலை விட்டால் கீழே எது முதலில் வரும்?

சல்லடை மாதிரி என்று நினைத்து, சின்னது முதலில் வரும் என்றேன். அவள் சிரித்தாள். நேர்மாறாம். ஆடிப்பூரத் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். தேர் ரத வீதியில் மட்டும்தான் போக முடியும், சந்துக்குள் நுழையாது. கூடப் போகிற சின்னப் பையன்கள் ஒவ்வொரு சந்திலும் நுழைவார்கள், வளையல் கடையைப் பார்ப்பார்கள், சர்பத் குடிப்பார்கள், திரும்பி வருவார்கள். கடைசியில் தேர் நிலைக்கு வந்த பிறகுதான் பையன்கள் வந்து சேருவார்கள். குழாயிலும் அதேதான். பெரிய மூலக்கூறு துளைக்குள் நுழைய முடியாமல் நேரே கீழே வந்துவிடுகிறது. சின்னது துளைதுளையாகப் புகுந்து தாமதமாக வருகிறது.

சரி, வரிசை தெரிந்துவிட்டது. எடை? எடை தெரிந்த நாலைந்து புரதங்களை முதலில் ஓடவிட்டு, எது எந்த நிமிஷத்தில் வருகிறது என்று கோடு போட்டு வைத்துக்கொள்வார்கள். நம் புரதம் எந்த நிமிஷத்தில் வந்ததோ அதற்கு நேரே உள்ள எடையை எடுத்துக்கொள்வார்கள். 1964இல் ஆண்ட்ரூஸ் என்பவர் இப்படிக் கோடு போட்டுக் காட்டியதில் இருந்து இது எல்லா ஆய்வகத்திலும் வழக்கம். மலிவு, சுலபம். பெரும்பாலான நேரம் சரியாகவும் இருக்கும்.

ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. குழாய் பார்ப்பது பருமனை. எடையை இல்லை. ராஜபாளையத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரே அளவு மூடையில் ஒன்றில் பஞ்சு, ஒன்றில் பருத்திக்கொட்டை. மூடையைப் பார்த்து எடை சொல்கிறவனை மில்லில் வேலைக்கு வைப்பார்களா? தேர்க் கூட்டத்தில் ஒரு ஒல்லிப் பையன் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தால் சந்துக்குள் நுழைய முடியாது. சீக்கிரம் வந்துவிடுவான். வந்த நேரத்தை மட்டும் பார்ப்பவர் அவனைக் குண்டன் என்று எழுதிக்கொள்வார். குண்டான ஒருவர் வழியில் சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிவிட்டுத் தாமதமாக வந்தால் அவரை ஒல்லி என்று எழுதிக்கொள்வார். புரதத்திலும் இரண்டு வகையும் உண்டாம். மணியில் ஒட்டிக்கொண்டு தாமதிக்கிற புரதம் திண்ணைக்காரர். டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு ரத்தம் ஊற ஒரு ஊசி போடுவார்கள், எரித்ரோபொயடின். அதன் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் பூத்துக் கிடப்பதால் எடைக்கு மிஞ்சிய பருமன் காட்டும். அது குடைக்காரர்.

ஆல்ஃபா சினூக்ளின் அதைவிடப் பெரிய குடைக்காரர். மற்ற புரதங்கள் நூல்கண்டு போல் சுருண்டு இருக்கும்போது இது அவிழ்ந்த நூலாக அலைகிறது. அதனால் 14,460 எடையுள்ள இது, குழாயில் 60,000 பக்கம் வருகிறது. நான்கால் பெருக்கிப் பாருங்கள், 57,840. நாலு சேர்ந்தால் வரும் எடையும் அதே பக்கம்தான்! குழாயை மட்டும் நம்பினால் நாலு பேர் கூட்டணி என்று எழுதுவீர்கள். குடை பிடித்த ஒற்றை ஆள் என்பது தெரியவே தெரியாது. அது அவிழ்ந்த புரதம் என்று 1996லேயே ஒரு குழு காட்டியிருந்தது. 2011இல் பாஸ்டனில் இருந்து வேறொரு குழு, குழாயை வைத்து இல்லாமல் வேறு முறைகளில் அளந்து, மனித ரத்த அணுக்களில் இது நான்காகச் சேர்ந்துதான் இருக்கிறது என்று 'நேச்சர்' இதழில் எழுதியது. பெரிய சண்டை கிளம்பியது. அடுத்தடுத்த வருஷம் பல ஆய்வகங்கள் இல்லை, ஒற்றைதான் என்றன. 2013இல் ஸ்டான்ஃபோர்டில் தாமஸ் ஸூடாஃப் குழு எலி மூளையில் இருந்து எடுத்துப் பார்த்தது. அவர்கள் குழாயின் வாயில் ஒளிச்சிதறல் கருவியை வைத்திருந்தார்கள். குழாய் வழக்கம்போல் நாலு மடங்கு பருமனைக் காட்டியது. ஒளி ஒற்றை மூலக்கூறுக்கு ஒட்டிய எடையைக் காட்டியது. இரண்டு தரப்பும் இன்னும் முழுக்கக் கைகுலுக்கிவிடவில்லை. உயிரணுவுக்கு உள்ளே எப்படி இருக்கிறது என்ற கேள்வி நிற்கிறது. ஆனால் பருமனைப் பார்த்து எடை என்று நம்பும் குழப்பம் இந்தப் புரதத்தில் இனி யாருக்கும் வராது. அண்ணன் கை நடுக்கத்துக்கு ஒரு மருந்து வருவதென்றால் அது இந்த மாதிரி அளவுகளின் மேல்தான் வர வேண்டும்.

ஒளி எப்படி எடையைச் சொல்லும்? எனக்கும் இங்கேதான் தட்டியது. அவள் கணக்குப் போட்டுக் காட்டினாள். நீங்களும் போடுங்கள், இது ஏழாம் வகுப்புக் கணக்குதான். ஒளி அலை மூலக்கூறில் உள்ள எலக்ட்ரான்களை ஆட்டுகிறது. ஆடுகிற எலக்ட்ரான் தன் பங்குக்கு நாலா பக்கமும் ஒளியை வீசுகிறது. இரண்டு மூலக்கூறு தள்ளித் தள்ளி நின்றால் அவரவர் தாளம் அவரவருக்கு. வெளிச்சம் ஒன்றும் ஒன்றும் இரண்டு. இரண்டும் ஒட்டி நின்றால் கோலாட்டத்தில் எல்லாக் கோலும் ஒரே நேரத்தில் விழுவது போல அலையும் அலையும் சேர்ந்துகொள்ளும். அலையின் உயரம் இரண்டாகும். வெளிச்சம் உயரத்தின் வர்க்கம், ஆகவே நான்கு. புரதத்தின் அளவு ஒரு துளிகூடக் கூடவில்லை. சேர்ந்து நின்றதால் மட்டும் வெளிச்சம் இரட்டிப்பு. நான்கு சேர்ந்தால், தனித்தனியாக நின்ற நான்கைவிட நாலு மடங்கு.

ஆகவே கரைசலில் எத்தனை கிராம் புரதம் இருக்கிறது என்று தெரிந்து, எவ்வளவு ஒளி சிதறுகிறது என்றும் தெரிந்தால், ஒரு மூலக்கூறின் எடை வந்துவிடும். எத்தனை கிராம் என்பதைப் புற ஊதா ஒளியைப் புரதம் எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதில் இருந்தோ, கரைசலின் ஒளிவிலகல் எண் எவ்வளவு மாறுகிறது என்பதில் இருந்தோ எடுத்துக்கொள்கிறார்கள். வேறு புரதத்தோடு ஒப்பிட வேண்டாம். குடை விரித்திருந்தாலும் மடக்கியிருந்தாலும் கவலையில்லை. குழாயின் வேலை ஒன்றாகக் கலந்து கிடப்பதைப் பிரித்து வரிசையாக அனுப்புவது மட்டும். எடையைச் சொல்வது ஒளி. ஒரு கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு புரதம் போதும், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நூற்றுக்கு ஐந்து கூடக்குறைய இருக்கும் என்கிறாள். அதைவிடத் துல்லியமாக எடை பார்க்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவி உண்டு. ஆனால் வழக்கமாக அதில் போட்டால் ஒட்டி நின்ற கூட்டாளிகள் பிரிந்து போய்விடுவார்கள். கூட்டணியைக் கலைத்துவிட்டு ஆளுக்கு ஆள் எடை பார்ப்பது நாம் கேட்ட கேள்விக்குப் பதில் ஆகாது.

பால்கோவா ஊர்க்காரர்களுக்கு இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. பால் ஏன் வெள்ளை? கொழுப்பு ஒரு காரணம். இன்னொன்று கேசீன் என்ற புரதம். ஆயிரக்கணக்கான கேசீன் மூலக்கூறுகள் கால்சியத்தோடு சேர்ந்து உருண்டை உருண்டையாகத் திரண்டு நிற்பதால் ஒளியை அத்தனை சிதறடிக்கிறது. ஆடையெடுத்த பாலில் சிட்ரேட் உப்பைப் போட்டால் அது கால்சியத்தை இழுத்துக்கொள்ளும், உருண்டைகள் பிரிந்துவிடும், பால் தெளிய ஆரம்பிக்கும். புரதம் முன்பு இருந்த அளவேதான், எங்கேயும் போகவில்லை. இத்தனை வருஷம் பாலைக் காய்ச்சியவள் நான். ஒரு தடவைகூட ஏன் வெள்ளை என்று யோசித்ததில்லை.

இப்போது கிருஷ்ணனுக்குத் திரும்பி வருகிறேன். அவர் புரதத்தை எடை பார்த்தார் என்று யாரும் எழுதிவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் அப்படி ஒன்று கிளம்பினால் நானே பொறுப்பாளி ஆகிவிடுவேன். அவர் பார்த்தது சாதாரணத் திரவங்களை. 1910இல் ஐன்ஸ்டீன் எழுதிய சிதறல் கணக்கு திரவங்களில் எவ்வளவு தூரம் பொருந்துகிறது, மூலக்கூறின் வடிவம் சிதறிய ஒளியில் எப்படித் தெரிகிறது என்பவை அப்போது கல்கத்தாவில் கேட்கப்பட்ட கேள்விகள். 1927இல் ராமன், கூழ்மக் கரைசலில் ஒளிச் சிதறலுக்கும் சவ்வூடு அழுத்தத்துக்கும் உள்ள உறவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சவ்வூடு அழுத்தம் மூலக்கூறுகளின் எண்ணிக்கையைச் சொல்வது. அதனால் எடைக்கு வழி அதிலேயே இருந்தது. 1944இல் பீட்டர் டிபை அமெரிக்காவில் அதைக் கரைசல்களுக்கான முழு முறையாக ஆக்கினார். இன்றைக்கு ஆய்வகத்தில் இந்தக் கருவியைச் சரிபார்க்க எதை ஊற்றுகிறார்கள் தெரியுமா? பெரும்பாலும் டொலுயீன், ஒரு தூய திரவம். அது எவ்வளவு ஒளியைச் சிதறடிக்கும் என்பது தெரிந்த அளவு, அதை வைத்துக் கருவிக்கு அளவுகோல் போடுகிறார்கள். தூய திரவம் எவ்வளவு சிதறடிக்கும் என்று பார்த்துப் பார்த்து எழுதிய தலைமுறையைச் சேர்ந்தவர் நம் வத்திராயிருப்புக்காரர்.

இன்னொன்றும் இருக்கிறது. தூசி. சினூக்ளின் எடை 14,460 என்றால் ஒரு தூசியின் எடை அதைப்போல் கோடிக்கணக்கான மடங்கு. ஒரு தூசி குறுக்கே வந்தால் அந்த ஒளியில் புரதம் காணாமல் போய்விடும். என் மாணவி வேலையில் பாதி நேரம் வடிகட்டுவதிலும் குழாயைக் கழுவுவதிலும் போகிறதாம். கிருஷ்ணனும் இதையேதான் செய்தார். காற்றை உறிஞ்சி மூடிய கண்ணாடிப் பாத்திரத்தில் திரவத்தை மெல்ல மெல்லத் திரும்பத் திரும்ப வடித்து, தூசி ஒரு புள்ளிகூட மினுங்காத வரைக்கும் விடமாட்டார்கள். நிறம் மாறிய அந்த மெல்லிய ஒளி 1928இல் கண்ணில் பட்டதற்கு முன்னால் இந்தத் துடைத்தல் வேலை வருஷக்கணக்கில் நடந்திருக்கிறது. விளக்கு சூரியன், கருவி கண். இதை வினாடி வினாவில் எப்படிக் கேட்பது?

மருந்து விஷயமும் ஒரு வார்த்தை. புற்றுநோய்க்குக் கொடுக்கும் எதிர்ப்பொருள் மருந்துகள் நம் நாட்டில் ஹைதராபாத்திலும் பெங்களூரிலும் தயாராகின்றன. ரிட்டுக்சிமாப் என்ற மருந்தின் இந்தியத் தயாரிப்பு 2007இலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. அதன் எடை ஒன்றரை லட்சம் டால்டனுக்குக் கொஞ்சம் குறைவு. பாட்டிலில் இரண்டு மூன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டால் நம் உடம்பு அதை எதிரி என்று எண்ணி அதற்கே எதிர்ப்பு உண்டாக்கிவிடலாம். இன்சுலின் போடுகிறவர்களிடம் பாட்டிலைக் குலுக்காதே, வெயிலில் வைக்காதே, உறைய விடாதே என்று சொல்வதன் பின்னாலும் இந்தக் கதை இருக்கிறது. ஃப்ரிட்ஜில் ஃப்ரீசரை ஒட்டி இன்சுலின் வைக்கிற என் தங்கை இதைப் படிப்பாள் என்று நம்புகிறேன்.

இவ்வளவும் பிள்ளைகளுக்குப் புரியாது என்று சிலர் சொல்வீர்கள். என்னிடம் படித்து இப்போது ஆசிரியர்களாக இருக்கிறவர்களே சொல்வீர்கள், பாடத்தை முடிக்கவே நேரமில்லை டீச்சர் என்று. நேரம் இல்லாத கஷ்டம் எனக்குத் தெரியாதா? எமிஸ் பதிவேற்றமும் தேர்தல் வேலையும் போக மிச்சம் இருக்கிற நேரத்தில்தான் வகுப்பு. ஆனாலும் 25 கேள்வியை மனப்பாடம் செய்ய வைக்க ஒரு பாடவேளை ஆகிறதே. அதே பாடவேளையில் இதைச் செய்யலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர், இரண்டு சொட்டுப் பால். ஜன்னலைச் சாத்திவிட்டு ஒரு பக்கமிருந்து டார்ச் அடியுங்கள். பக்கவாட்டில் நின்று பார்க்கிற பிள்ளைக்குத் தண்ணீர் லேசாக நீலமாகத் தெரியும். எதிரே நின்று டார்ச்சைப் பார்க்கிற பிள்ளைக்கு விளக்கு மஞ்சளாகத் தெரியும். பால் கூடிவிட்டால் ஒன்றும் தெரியாது, ஆகவே சொட்டை எண்ணி விடுங்கள். பிறகு செண்பகத்தோப்பு மலையைக் காட்டி, தூரத்து மலை ஏன் நீலம் என்று கேளுங்கள். பாதிப் பேர் தாங்களே சொல்லிவிடுவார்கள். லேசர் விளக்கு மட்டும் வேண்டாம், கண்ணில் அடித்துவிடுவார்கள்.

பேரனின் வகுப்பு டீச்சரிடம் பேசிவிட்டேன். நல்ல பிள்ளை. 28ஆம் தேதி காலை அரை மணி நேரம் தருகிறேன் என்றிருக்கிறார். டார்ச், டம்ளர், கால் படி பால் எடுத்துக்கொண்டு போகிறேன். வினாடி வினாவும் நடக்கட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. 26ஆவது கேள்வியாக ஒன்றை மட்டும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்: ராமனோடு சேர்ந்து 1928இல் 'நேச்சர்' இதழில் எழுதியவர் யார், அவர் நம் ஊரில் எந்தப் பள்ளியில் படித்தார்?

அந்தப் பையனின் பெயர் எனக்கு நினைவிருக்கிறது. இங்கே எழுதவில்லை. இப்போது நாற்பது வயதைத் தாண்டியிருப்பான். அவன் கூடப் படித்தவர்கள் சிலர் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். யாருக்காவது அவன் நம்பர் தெரிந்தால் இதை அனுப்பி வையுங்கள். அவன் எழுதிய பதில் சரி, ஒரு மார்க் டீச்சரிடம் பாக்கி இருக்கிறது என்று சொல்லுங்கள்.